திரும்பி வருவார் என்பதற்கு ஆதாரம்

இந்த உலகத்தில் யாரும் யாருக்கும் தேவையில்லை என்பதை லிஃப்ட் மெக்கானிக் தன் நாற்பத்தெட்டாவது வயதில் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் அற்பப் புத்தி அவருக்கு இல்லாததால், காலை உணவுத் தட்டின் முன் உட்கார்ந்து மனைவியிடம் முறைப்படி அறிவித்தார்.

"லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவன் யாரைக் கூப்பிடறான்? பொண்டாட்டியையா, புள்ளையையா? என்னைத்தான் கூப்பிடறான். கதவைத் திறந்துவிட்டதும் என் மூஞ்சியக்கூடப் பாக்காமப் போயிடறான். அவ்வளவுதாம்மா மனுஷ உறவு."

"அந்தத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைங்க. பாஸ்போர்ட் மேல படப்போகுது" என்றாள் மனைவி. மேசை முழுக்க விசா விண்ணப்பத்துக்கான காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தாள்.

பள்ளித் தோழிகள் இருவரோடு ஏரிகளும் பனிமலையும் உள்ள ஒரு நாட்டுக்குச் சுற்றுலா போக வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் திட்டம். பிரசவம், பிள்ளையின் பரீட்சை, மாமனாரின் முழங்கால் என்று மூவரில் யாருக்காவது ஏதாவது வந்து திட்டம் தள்ளிக்கொண்டே போனது. இப்போது தோழிகள் இருவருக்கும் விசா வந்துவிட்டது. ஒருத்தி ஆசிரியை, இன்னொருத்தி சொந்தமாக மருந்துக்கடை வைத்திருப்பவள். இவளுக்குக் கிடைக்காவிட்டால் அவர்கள் இருவரும் போய்வந்து போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா இருக்கே" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அது மட்டும் தன்னால் ஆகாது என்று அவள் சொல்லியிருந்தாள்.

விசா ஏஜென்சி ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அங்கிருந்த பெண் பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"மேடம் வேலைக்குப் போறாங்களா?"

"இல்ல" என்றார் மெக்கானிக்.

"வீடு யார் பேர்ல?"

"என் பேர்ல. பேங்க் கணக்கும் என் பேர்ல. வண்டியும் என் பேர்லதான். அவளுக்கு எதுக்கு வீண் அலைச்சல்னு எல்லாத்தையும் நானே என் பேர்ல வாங்கிட்டேன்." சொல்லும்போது அவர் குரல் தியாகத்தில் லேசாகத் தழுதழுத்தது.

பென்சில் நின்றது. "சார், டூரிஸ்ட் விசாவுக்கு அவங்க முக்கியமா பாக்கறது ஒண்ணுதான். போறவங்க திரும்பி வருவாங்களான்னு. மேடம் திரும்பி வர்றதுக்கு இங்க என்ன இருக்கு?"

"நான் இருக்கேன்."

"அதுக்கு ஏதாவது பேப்பர் இருக்கா சார்?"

திருமணச் சான்றிதழை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கல்யாணம் ஆனதுக்கு" என்றாள்.

அப்போது மனைவி கைப்பையைத் துழாவி மடங்கிப்போன ஒரு சின்ன அட்டையை எடுத்து வைத்தாள். வீட்டுப் பூனையின் தடுப்பூசி அட்டை. உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அந்த வீட்டில் அவள் பெயரில் இருந்த ஒரே சொத்து அதுதான். அந்தப் பெண் அட்டையை மரியாதையோடு வாங்கிப் புரட்டி, "இதையும் வைப்போம் மேடம்" என்றாள்.

"ஏம்மா, பூனைக்காகத் திரும்பி வருவான்னு நம்புவாங்க, எனக்காக நம்ப மாட்டாங்களா?"

"பூனைக்கு அடுத்த ஊசி தேதி போட்டிருக்கு சார்."

மெக்கானிக்குக்கு அடுத்த ஊசி எதுவும் இல்லை. எனவே கணவர் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்று முடிவாயிற்று. மேடம் இங்கே எவ்வளவு முக்கியம் என்பதை விவரமாக எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்ப்பை ஏஜென்சி பார்த்துக்கொள்ளும். மறுநாள் சாயந்திரத்துக்குள் ஃபைலை மூடியாக வேண்டும்.

மாதிரிக்கு இருக்கட்டும் என்று ஆசிரியைத் தோழி தன் கணவர் எழுதிய கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அவர் கணக்கு வாத்தியார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவேன், என் மனைவிதான் கண்டுபிடித்துக் கொடுப்பார், அவர் இல்லாத வீட்டில் எனக்குப் பார்வை இல்லை என்று முழுப் பக்கத்துக்கு உருகியிருந்தார். பேருந்தில் வீடு திரும்பும்போது மெக்கானிக் அதை வாய்விட்டுப் படித்தார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"விசா ஆபீசுக்கு லவ் லெட்டர் போட்டிருக்காரு மனுஷன். ஏம்மா, இவரு கண்ணாடியத் தொலைச்சா அந்த நாட்டு அதிகாரி என்ன பண்ணுவான், வந்து தேடித் தருவானா? ரோஷம் உள்ளவன் எழுதுவானா இதை?"

மனைவியும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு போனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவர் ரோஷமுள்ளவர் எழுத வேண்டிய கடிதத்தை எழுதி முடித்தார். 'இவர் என் மனைவி. சுற்றுலா முடிந்ததும் திரும்பி வருவார். இப்படிக்கு, கணவர்.' அவள் படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"ஏன், என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல. போன மாசம் அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்கு நீங்க எழுதின ரிப்போர்ட் இதைவிடப் பெருசா இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவர் விளையாட்டாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார். "அது கிடக்கட்டும். நீ திரும்பி வருவேல்ல?"

"எழுதறவர் நீங்க. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள என்ன எழுதித் தர்றீங்கன்னு பாத்துட்டு நான் முடிவு பண்றேன்" என்றாள். சிரிப்பாள் என்று சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கடிதத்தை ஃபைலில் வைக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் அவருக்கு ஒரு உயரமான குடியிருப்பில் லிஃப்ட் பிரேக் வேலை. மொட்டைமாடி மெஷின் ரூமில் கிரீஸ் வாசமும் வெக்கையும் நிறைந்திருந்தன. மதியத்துக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. சுவிட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி. அவர் போடவில்லை. பெயின்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பினார். 'மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு' என்று எழுதினார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் கருவிப் பையைக் கீழே வைப்பேன். வைக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு யாரோடு சண்டை போட்டேன் என்று என் மனைவி அடுப்படியிலிருந்து சொல்லிவிடுவார். நான் பெரிதாக ஏதாவது சொன்னால் "அப்படியா" என்பார். அந்த "அப்படியா"வைக் கேட்ட பிறகுதான் நான் சொன்னது தப்பு என்று எனக்கே தெரியவரும். ஐயா, வேறு யார் சொன்னாலும் எனக்குத் தெரிவதில்லை.'

போன் அடித்தது. கீழேயிருந்து வாட்ச்மேன். "அண்ணே, லிஃப்ட் இன்னும் ரெடியாகலையா? சாமானோட ஜனங்க நிக்கறாங்க."

"கொஞ்சம் வேலை இருக்குப்பா" என்றார் மெக்கானிக்.

ஏதோ ஒரு மாடியில் காத்திருந்த யாரோ லிஃப்ட் கதவைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் இருட்டுக் குழாய் வழியாக ஏறி மேலே வந்தது. அவர் வியர்வைக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இன்னொரு தாளைக் கிழித்துத் தொடையில் வைத்து நீவிவிட்டார்.