தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை

1

1986இல், மாரண்டஹள்ளியில் பஸ்ஸுக்கு நின்றபோது கிடைத்தது இந்தக் கதை. பத்து மணி ஓசூர் பஸ் கடந்ததும், எதிர்வீட்டு வாசலில் இருந்தவர் தடியூன்றி எழுந்தார்; சோப்பு டப்பாவுடன் உள்ளே போய்த் தாழிட்டார்.

"ஒரு நாளைக்கு அஞ்சு தரம் மொகம் கழுவறாருங்க, மாப்பிள்ளையாட்டம்," என்றார் டீக்கடைக்காரர்.

நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன். டப்பாவில் இருப்பது சோப்பில்லை என்று ஊகித்துவிட்டேன்.

2

பெயர் மரியசூசை என்று வைத்துக்கொள்வோம். புளி உலுக்க மரமேறி விழுந்தவர். நடை திரும்பியது, ஒன்று மட்டும் திரும்பவில்லை.

[விளக்காமல் இருக்க முடியவில்லை: முதுகுத்தண்டில் அடிபட்டால், சிறுநீர்ப்பை நிறைந்த செய்தி மேலே போகாது, திறக்கச் சொல்லும் உத்தரவும் கீழே வராது. கையைச் சோப்பால் கழுவி, மெல்லிய ரப்பர் குழாயைச் சிறுநீர்ப் பாதை வழியே தானே உள்ளே செலுத்தி வடிக்க வேண்டும். பிறகு குழாயைக் கழுவி, உலர்த்தி, டப்பாவில் சுருட்டி வைக்கலாம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. உடம்பு சொல்லாததை அவருக்குப் பஸ் சொல்கிறது.]

அவர் மிகவும் வெட்கப்பட்டார், ஏனென்றால்—

வேண்டாம். வெட்கம் என்ற சொல் போதவில்லை.

3

அரூரிலிருந்து அக்கா லூர்தம்மாள் வருகிறாள். மகளுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பெண். கைப்பிடித்து மாதா கோயிலுக்குள் அழைத்துப்போக வேண்டியவர் தாய்மாமன்.

"பரிசத்துக்கும் வரல. பூசையில கல்யாண ஓலை மூணும் வாசிச்சாச்சு. எம்மேல என்ன தம்பி கோவம்?"

கோபமில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். கோபக்காரன் என்ற பெயருக்குள் ஒளிந்திருப்பது அவருக்குப் பழகிவிட்டது.

4

முதல் வடிவத்தில், முந்தின மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காதபடி அவரைக் கல்யாணத்துக்கு அனுப்பினேன். தப்பு. தண்ணீர் குறைந்தால் கிருமி தங்கும், காய்ச்சல் வரும். கிழித்தேன். இரண்டாவதில் அவர் போகவில்லை. கல்யாணத்தன்றும் வாசலில் உட்கார்ந்து, பத்து மணி பஸ்ஸை

[முடிக்க மனம் வரவில்லை.]

தருமபுரியில் பஸ் மாறினாலும் மூன்றரை மணி நேரத்தில் அரூர். இறங்கியதும் ஒரு வாளித் தண்ணீர், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை. அவ்வளவுதான். எழுதுகிறவன் நான், அக்கா வீட்டில் அந்த அறையைக் கட்டிவிட்டேன். தாழ்ப்பாளுக்கு எண்ணெயும் போட்டாயிற்று. ஆனால் அதை அவர்தான் கேட்க வேண்டும்.

5

ஓசூர் பஸ் கடந்தது. லூர்தம்மாள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். அவர் டப்பாவோடு எழுந்தார்.

"அக்கா," என்றார். "நா அங்க வந்தா, எனக்கு ஒரு"

அவள் அவர் பக்கம் திரும்பிவிட்டாள். மீதி வாக்கியம் அவரிடம் இருக்கிறது. நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். வாசகரே, அவள் நிற்கும் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். பையைக் கீழே வைத்துவிட்டு நில்லுங்கள்.