பெனெபாவின் பக்கத்து இடம்

1

இந்தக் கதை எனக்கு மழையில் கிடைத்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு. அங்கே கரும்பு நட்டு எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் பெரிய மழை விட்டதும் புல்லுக்கடியில் தண்ணீர் சதுரம் சதுரமாக நிற்கும். ஜமைக்காவில் இது அதிசயமில்லை. பழைய கரும்புக் குழிகள். அன்று ஆட்டைப் பிடிக்கப் போனேன். காற்றே இல்லை. ஒரே ஒரு சதுரத்தில் மட்டும் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டை விட்டுவிட்டு ஓடிவந்து எழுத உட்கார்ந்தேன். ஆடு அதுபாட்டுக்கு வந்து சேர்ந்தது.

2

முதல் தொடக்கம்: "கரும்புக்காட்டின் மேல் சூரியன் ரத்தமாக..." வேண்டாம். அங்கே சூரியனை நிமிர்ந்து பார்க்க யாருக்கு நேரம்?

அடுத்தது: "அடிமைகள் மூன்று கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டு..." பள்ளிக்கூட வாசனை அடிக்கிறது. ஆனால் கதையே அதில்தான் இருக்கிறது, சொல்லித் தொலைக்கிறேன். உடம்பில் வலு உள்ள ஆணும் பெண்ணும் பெரிய கூட்டம்; குழி வெட்டுவார்கள். வளரும் பிள்ளைகளும் நோயில் தேறியவர்களும் இரண்டாம் கூட்டம், களை பறிப்பார்கள். பொடிசுகள் புல்லுக் கூட்டம், மாட்டுக்குப் புல் பறிப்பார்கள். பெரிய கூட்டத்தில் ஓர் இடம் காலியானால், இரண்டாம் கூட்டத்திலிருந்து ஒருவரை மேலே ஏற்றுவார்கள். அப்படி ஏறியவர்கள் அதிக காலம் உயிரோடு இருந்ததில்லை.

குழி வெட்டும்போது எல்லோரும் ஒரே வரிசை, ஒரு குழிக்கு இரண்டு பேர். வலுத்தவருக்குப் பக்கத்தில் நோஞ்சானை நிறுத்தி ஜோடி சேர்ப்பது கங்காணியின் சாமர்த்தியம். யாரும் பின்தங்கி வரிசை கோணக் கூடாது.

(கங்காணி என்றதும் உங்களுக்கு வேறொரு தோட்டம் ஞாபகம் வரும். வரட்டும். இவனும் அடிமைதான். கையில் வெள்ளைக்காரத் துரை கொடுத்த சவுக்கு இருக்கிறது, அவ்வளவே.)

3

பெனெபா வலுத்தவள். அவளுடைய ஜோடி மிம்பா. ஒருநாள் மிம்பா வெட்டிக்கொண்டிருந்த குழியிலேயே குப்புற விழுந்து செத்தாள். மறுநாள் வேலைக்குச் சங்கு ஊதியதும் கங்காணி குவாமினோ பெனெபாவிடம் வந்து நின்றான். இரண்டாம் கூட்டத்தில் வளர்ந்து நின்றவள் ஒருத்திதான்: பெனெபாவின் மகள் ஜூபா.

"அண்ணே, ஜூபாவ விட்டுரு. அவ இன்னும் பச்சப்புள்ள."

"ஒன் தோளுக்கு வளந்து நிக்கிறா, பச்சப்புள்ளயாம்! தொர கண்ணு என்ன பொட்டையா?"

"அந்தக் குழிய நானே வெட்டிர்றேன்."

"ரெண்டாளு குழிய ஒத்தையாவா? ஏ புள்ள, வரிச கோணுச்சுன்னா அடி ஒனக்கு மட்டுமில்ல, எனக்குந்தான்."

"கோணாது."

"கோணட்டும், மறுநாளே அவள இழுத்தாந்து நிறுத்திருவேன். அப்புறம் என்னைய வையாத."

4

கோணவில்லை.

(இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அக்கம்பக்கத்தார் துரைக்குத் தெரியாமல் ஆளுக்கு ஒரு வெட்டு வெட்டிக் கொடுத்தார்கள் என்று எழுதினேன். ஆனால் அவரவர் குழியை முடிக்கவே அவர்களுக்கு மூச்சு முட்டும். அடித்துவிட்டேன். தாய்ப்பாசம் தந்த பலத்தில் அவள்... சீ, பொய். பாசத்துக்கு அந்தக் களிமண் பெயராது.)

மிஞ்சியது இதுதான். பெனெபா மண்வெட்டியை ஓங்கும்போதெல்லாம் குழியின் மறுபாதியில் மண் தானாகப் பெயர்ந்து விழுந்தது. எழுதிய எனக்கே பயமாக இருக்கிறது. அழிக்கத்தான் கை வரவில்லை.

அடுத்த குழியில் வெட்டிய குவாக்கோ குனிந்தபடியே கேட்டான்.

"யக்கா, ஒன் பக்கத்துல யாரு பாடுறா?"

"ஒன் வேலையப் பாருடா."

"மிம்பாக்கா மாதிரியே இருக்கு. அதே மாதிரி சுதி தப்புது."

"அவதான்னா என்ன பண்ணச் சொல்ற? செத்தவளையும் படுக்க விடலையேன்னு எனக்கே வயிறு எரியுது."

பெனெபா அழுதாள். கை மட்டும் நிற்கவில்லை. "இன்னைக்கு ஒருநாள் மட்டும் வந்துட்டுப் போ மிம்பா" என்று தினமும் சொன்னாள்.

5

ஒருநாள் துரை குதிரையில் வந்தான். பெனெபாவின் குழிக்கு நேரே குதிரை நகர மறுத்தது.

"டேய் குவாமினோ, அவ பக்கத்துல எவடா நிக்கிறா? தலையில துணி கட்டிக்கிட்டு... மொகமே தெரியல. பேரு என்ன?"

குவாமினோவின் கண்ணுக்கு அங்கே யாரும் இல்லை.

"மிம்பா" என்று அவனைச் சொல்லவைத்து ஒரு முடிவு எழுதினேன். துரை தலையாட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து மிம்பா மறுபடி பெரிய கூட்டத்து ஆள்; செத்தும் அவளால் அங்கிருந்து ஒருநாளும் போக முடியாது. என்னால் தாங்க முடியவில்லை, கிழித்துவிட்டேன். "யாருமில்ல தொர" என்று சொல்லவைத்துப் பார்த்தேன். "அப்ப ஆளப் போடு" என்றான் துரை. போட இருப்பது யார் என்று உங்களுக்கே தெரியும்.

எப்படி எழுதினாலும் அந்த இடத்தில் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துவது என் வேலையாகிவிடுகிறது. நான் நிறுத்தப் போவதில்லை. குவாமினோ வாயைத் திறந்தபடி நிற்கட்டும். பெனெபா நிமிராமல் வெட்டட்டும்.

இல்லை, முடிவு வேண்டும் என்கிறீர்களா? அப்படியானால் நீங்களே கூப்பிடுங்கள். ஜூபா அந்தப் பக்கத்து வயலில்தான் களை பறித்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் உடனே வந்துவிடுவாள்.