ஆறே மாசத்துல முடிஞ்சிடும்

பொழிச்சலூரில் கிளியம்மாளின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் அவள் பெயரையோ அவள் கணவர் லோகநாதனின் பெயரையோ சொல்ல மாட்டார்கள். "சீரியல் வூடா? நேரா போயி லெஃப்டு" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அவள் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு அது. லோகநாதன் நிலத்தில் ஒரு பகுதியை விற்று ஹார்டுவேர் கடை வைத்து, கடை நன்றாக ஓடிய சமயத்தில் கட்டியது. நடுவில் பெரிய ஹால், இரண்டு பக்கமிருந்தும் வளைந்து இறங்கும் மாடிப்படி, மேலே தொங்கும் சரவிளக்கு. கிரகப்பிரவேசம் முடிந்து வாழைமரம் காய்வதற்குள் ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து நின்றார். 'பூட்டாத வாசல்' என்று ஒரு சீரியல், கூட்டுக்குடும்பக் கதை, இந்த மாடிப்படி மாதிரி சென்னையிலேயே கிடையாது என்றார். "ஆறே மாசம்மா. ஆறே மாசத்துல முடிஞ்சிடும்."

கிளியம்மாளுக்குத் தன் வீட்டை டிவியில் பார்க்க ஆசை. சரி என்றாள். குடும்பம் மாடிக்குப் போனது. அப்போது எட்டாவது படித்த மகள் தமிழினி இப்போது ஓ.எம்.ஆரில் வேலைக்குப் போகிறாள். சீரியல் இன்னும் கீழேதான் ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷத்தில் கிளியம்மாள் மனதார வெறுக்கக் கற்றுக்கொண்ட சொல் ஒன்று உண்டு. கன்டினியூட்டி. நேற்று காட்டியது இன்றும் அப்படியே இருக்க வேண்டுமாம். கிளிப்பச்சை நிறச் சுவரை மாற்றலாம் என்றால் கன்டினியூட்டி. கிழிந்த சோபாவைத் தூக்கிப் போடலாம் என்றால் கன்டினியூட்டி. சீரியலில் மூன்றாம் வருஷமே செத்துப்போன மாமனாரின் படம் மாலையும் சீரியல் பல்புமாக அவள் ஹாலில்தான் மாட்டியிருந்தது. தோத்தாத்ரி என்கிற நடிகர் அவர். ஃப்ளாஷ்பேக் வரும்போதெல்லாம் தாம்பரத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்குவார். தன் படத்தை நிமிர்ந்து பார்த்து, "மாலை வாடிடுத்தே, மாத்தப்படாதோ" என்பார்.

இதையெல்லாம் கிளியம்மாள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது தமிழினியைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்தது.

பையன் ஹரிபிரசாத், தமிழினியோடு வேலை செய்பவன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லி, மாடம்பாக்கத்திலிருந்து அவன் குடும்பம் முறையாக வருவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங் இருக்காது என்றுதான் அந்த நாளைக் குறித்தார்கள். ஆனால் சேனலுக்குக் கொடுக்க வேண்டிய எபிசோடுகள் பாக்கி என்று அன்று காலையிலேயே வேன்கள் வந்துவிட்டன. "பின்பக்கப் படிக்கட்டு வழியா மேல கூட்டிக்கினு வந்துடறேன், அவ்ளோதான்" என்றார் லோகநாதன்.

அவர் தெருமுனையில் நின்று வழி பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் வேறு தெரு வழியாக வந்து முன்வாசலில் இறங்கிவிட்டார்கள். பட்டுப் புடவையில் ஐந்தாறு பெண்கள். கையில் பூ, பழம், தாம்பாளம். உள்ளே கல்யாணக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் போதவில்லை என்று தவித்துக்கொண்டிருந்த அசிஸ்டென்ட் டைரக்டர் அவர்களைப் பார்த்ததும், "ஏன் இவ்ளோ லேட்டு? சீக்கிரம் போய் உக்காருங்க. வயலட் புடவை, நீங்க முன்வரிசை" என்று கையோடு அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டான்.

வயலட் புடவைதான் பையனின் அம்மா சுந்தரவல்லி. பெண் வீட்டார் வரவேற்பு கொஞ்சம் அதிரடியாக இருக்கிறது என்று நினைத்தாராம். பிறகு மணமேடையில் கதாநாயகி ரோஹிணியை நேருக்கு நேர் பார்த்ததும் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது. அவர் கணவர் மட்டும் நெளிந்துகொண்டே பின்னால் நின்றார்.

மாடியில் கேசரி ஆறிக்கொண்டிருந்தது. யாரையும் காணோமே என்று கிளியம்மாள் படிக்கட்டில் எட்டிப் பார்த்தாள். சுந்தரவல்லி அட்சதை தூவ ஓங்கிய கையோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த நொடியில் வாசலிலிருந்து ஒரு நடிகர் ஓடி வந்து, "இந்தக் கல்யாணத்தை நிறுத்துங்க" என்று கத்தினார்.

எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும். சுந்தரவல்லி எல்லாரையும்விட நன்றாகத் திரும்பிப் பார்த்தார். டைரக்டர் ஓகே சொன்னார்.

அதற்குப் பிறகு மாடியில் பெண் பார்த்தார்கள், சிரித்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள். பையனின் அப்பா மட்டும் கேசரியைத் தொடவில்லை. "நல்ல காரியத்துக்குக் கிளம்பி வந்த எடத்துல, நிறுத்துங்கன்னு காதுல வுழுந்துச்சு" என்றார், யாரையும் பார்க்காமல்.

"அது நடிப்புங்க" என்றார் லோகநாதன்.

"வுழுந்தது நம்ம காதுலதானே."

சுந்தரவல்லிதான் சமாளித்தார். "நிச்சயதார்த்தத்தை அந்த ஹால்லயே வெச்சுக்கலாம் சம்பந்தி. எந்த எடத்துல நிறுத்தச் சொன்னாங்களோ அங்கயே நல்லபடியா முடிச்சா சரியாப் போயிடும். ஆனா அன்னிக்கு இவங்க யாரும் கீழ இருக்கக் கூடாது."

அவர்கள் போனதும் லோகநாதன் சொன்னார். "மண்டபம் புடிச்சுக்கலாம் கிளி. இவங்கள இன்னான்னு காலி பண்ணச் சொல்றது? இத்தினி வருஷம் கீறாங்க."

"நம்ம பொண்ணு நிச்சயத்துக்கு நம்ம வூடு இல்லாம மண்டபமா? அந்த ஹால்ல எத்தினி கல்யாணம் நடந்துது, யார் யாருக்கோ. நம்ம வூட்டுக் கல்யாணம் ஒண்ணு நடந்துதா?"

தமிழினி அம்மாவின் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கி வைத்தாள்.

மறுநாள் கிளியம்மாள் இரண்டு காபியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் சீரியலின் எழுத்தாளன் ஸ்ரீவத்சன், மடியில் லேப்டாப். வந்த புதிதில் கருகருவென்றிருந்த தலை இப்போது பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

"தம்பி, ஒண்ணு கேப்பேன். கோச்சுக்காத. இந்தக் கதை எப்போ முடியும்?"

ஸ்ரீவத்சன் காபியை வாங்கிக்கொண்டான். தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கிப் போகும்வரை பேசாமல் இருந்தான். ஏர்போர்ட் பக்கத்தில் இருப்பதால் அந்த வீட்டில் எல்லாருக்கும் வந்துவிட்ட பழக்கம் அது.

"கதை அஞ்சு வருஷம் முன்னாடியே முடிஞ்சிடுச்சுக்கா. நானும் க்ளைமாக்ஸ் எழுதிக் கொடுத்துட்டுத்தான் இருக்கேன். ஒவ்வொரு தடவையும் ரேட்டிங் ஏறிடுது, இன்னும் அம்பது எபிசோடு வேணும்ங்கறாங்க. வில்லியத் திருத்திப் பாத்தேன். ஜனங்க அழுதாங்க. ரேட்டிங் ஏறிடுச்சு. மறுபடி கெட்டவளாக்க வேண்டியதாப் போச்சு. எனக்கே இப்ப யார் யாருக்கு என்ன உறவுன்னு குழம்புது. பொண்டாட்டிகிட்ட பேசும்போதுகூட சஸ்பென்ஸ்ல நிறுத்திடறேனாம்."

கேட்க வந்த கோபம் கிளியம்மாளுக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது. அவனும் தன்னைப் போலத்தான் இந்த வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறான். நேற்று நடந்ததைச் சொன்னாள். ஸ்ரீவத்சன் சிரிக்கக் கூடாது என்று பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"அடிச்சுத் தொரத்த மனசு வரல தம்பி. அந்த ரோஹிணி பொண்ணுக்கு நான்தானே வளைகாப்புக்கு எலுமிச்ச சாதம் கட்டிக் குடுத்தேன். லைட்டுகாரங்க, சமையல்காரங்க, எல்லாம் இத நம்பிக்கினு கீறாங்க. முடிக்கவும் வேணாம். இங்கேருந்து போனா போதும்."

"வீடு மாத்தினா எப்படிக்கா? கூட்டுக்குடும்பமே இந்த வீடுதானே."

"வித்துடச் சொல்லு."

ஸ்ரீவத்சன் அவளைப் பார்த்தான்.

"எதுத்த வூட்டு சின்னையா குடும்பம் இல்ல? அண்ணன் தம்பி மூணு பேரு. கடன் இல்லாத குடும்பம்தான். பில்டர்கிட்ட குடுத்துட்டு மேடவாக்கத்துல ஃபிளாட் வாங்கிக்கினு போனாங்க. போற அன்னிக்கு அந்தப் பெரிய மருமவ பூட்டுன கேட்டத் தொறந்து, பூட்டி, தொறந்து, பூட்டி... லாரிக்காரன் ஹாரன் அடிச்சிக்கினே கீறான், அவ நவுரல. இப்ப போயி பாரு. தண்ணி லாரிக்கு சண்ட, கார் நிறுத்த சண்ட, மேல் வூட்டுக்காரன் நாற்காலி இழுத்தா சண்ட. இங்க ஆளுக்கு ஒரு மூலையில சண்ட போட்டுக்கினு இருந்தவங்க அங்க ஒரே ரூம்ல உக்காந்துகினு போடறாங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தான். காபி அப்படியே இருந்தது. "ஒரே ஒரு பாத்ரூம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். "மூணு மருமகள்." ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு வெளிச்சத்தைக் கண்டாள்.

சேனல் உடனே ஒப்புக்கொண்டது. சொத்தை வில்லன் ஏமாற்றி எழுதி வாங்கிவிடுவதாகவும், குடும்பம் ஃபிளாட்டுக்குப் போவதாகவும் கதை திரும்பியது. 'வீடு போகுமா?' என்று நாலு வாரம் இழுத்தார்கள். தெருவில் காய்கறி வண்டிக்காரர்கூட நிறுத்தி விசாரித்தார்.

கடைசி நாள் ஷூட்டிங்கைக் கிளியம்மாள் மேல்படியில் உட்கார்ந்து பார்த்தாள். சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தாள். ரோஹிணி வாசல்வரை போய், திரும்பி வந்து, நிலைக்கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். வசனமே இல்லை. முழு யூனிட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. திடீரென்று ஒரு விசும்பல் கேட்டது.

"கட். யாருங்க அது?"

கிளியம்மாள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைத் துரத்த வழி சொன்னதே அவள்தான். இப்போது அவள்தான் அழுகிறாள். இரண்டாவது டேக்கிலும் அழுதாள். மூன்றாவது டேக் விமானத்தால் போனது. நாலாவது எடுக்கும்போது லோகநாதன் அவளை மாடி அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

சாமான்களை ஏற்றும்போது தோத்தாத்ரி வந்தார். அவருக்கு அன்று ஷூட்டிங் கிடையாது. "படத்தை வாங்கிண்டு போகலாம்னு வந்தேம்மா" என்றார். மாலையைக் கழற்றி, கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். "நன்னாத்தான் எடுத்திருக்கான். ஆனா ஆத்துக்குக் கொண்டுபோக முடியாது. செத்தவன் படம்னு ஆத்துக்காரி காமு வாசல்லயே நிறுத்திடுவா."

"அப்போ இன்னா பண்ணப் போறீங்க?"

"அதான் தெரியலை. இன்னொரு சீரியல்ல செத்தா கொடுக்கலாம்."

கிளியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். காலையிலிருந்து அழுத கண் எரிந்தது. வேன்கள் போனதும் ஹால் இவ்வளவு பெரிசா என்றிருந்தது. அவளும் லோகநாதனும் நடுவில் நின்றார்கள். யாரும் சைலன்ஸ் சொல்லவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் தாழ்ந்த குரலிலேயே பேசிக்கொண்டார்கள்.

ஆவணியில் நிச்சயதார்த்தம் நடந்தது. சுவருக்கு வெண்ணெய் நிறம் பூசியிருந்தாள் கிளியம்மாள். மாடம்பாக்கத்திலிருந்து அழைத்ததைப் போல இரண்டு மடங்கு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் வீட்டைப் பார்க்க வந்தவர்கள். பாலில் விஷம் கலந்த அடுப்படி எது, ரோஹிணி உருண்ட படி எது என்று கேட்டுக்கேட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். தட்டு மாற்றும் நேரம் மட்டும் பையனின் அப்பா வாசலைப் பார்த்தபடியே நின்றார். யாரும் ஓடி வரவில்லை. தமிழினியும் ஹரிபிரசாத்தும் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். அதன்பிறகு அவர் பந்தியில் உட்கார்ந்து மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

சில வாரம் கழித்து ஸ்ரீவத்சன் போன் செய்தான். குரலில் ஒரு தயக்கம்.

"அக்கா, ஃபிளாட் கதை சூப்பரா போகுது. ஆனா ஒரு சின்னப் பிரச்சினை. வீட்டை வாங்கின வில்லன் அந்த வீட்ல குடியிருக்கறதைக் காட்டணும்னு சேனல்ல கேக்கறாங்க. ரெண்டே நாள்தான். ரெண்டே நாள்ல முடிஞ்சிடும்."

கிளியம்மாள் வெண்ணெய் நிறச் சுவரைப் பார்த்தாள். புது சோபாவைப் பார்த்தாள்.

"தம்பி, அந்த வில்லன் வூட்ட இடிச்சுட்டான்னு எழுதிடு."

"இடிச்சிடவா? நிஜமாவா?"

"நிஜமா இடிச்சாத்தாண்டா தம்பி கஷ்டம். நீ எழுது."

அந்த எபிசோடு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. எங்கேயோ எவருடைய வீட்டையோ ஜேசிபி இடிப்பதை எடுத்து, நடுநடுவே பழைய மாடிப்படியைக் காட்டி ஒட்டியிருந்தார்கள். புழுதி கிளம்பியது. ஃபிளாட் பால்கனியில் ரோஹிணி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். விளம்பர இடைவேளைக்குள் கிளியம்மாளுக்குப் போன் மேல் போன். அவள் அண்ணன், கடைக்கு வரும் மேஸ்திரி, பழைய லைட்மேன். "வூட்ட இடிச்சிட்டீங்களாமே" என்று ஒரே கேள்வி. சுந்தரவல்லிக்கு விஷயம் தெரியும். ஆனாலும் கூப்பிட்டார். "கல்யாணம் முடியற வரைக்குமாவது வெச்சிருக்கலாம் சம்பந்தி" என்றார் தழுதழுத்த குரலில்.

போனை அணைத்து வைத்துவிட்டுத் திரும்பினால் சோபாவில் லோகநாதன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீரியல் பார்ப்பவர்களைக் கண்டாலே சலித்துக்கொள்கிற மனிதர்.

"இன்னாங்க, நீங்க உக்காந்துகினு கீறதே அந்த வூட்டுலதான்."

"தெரியுது கிளி. ஆனாலும் மனசு கேக்கல." டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"எட்டாவப் போவுது. தோசை ஊத்தட்டுமா?"

"இரு. சீரியல் முடியட்டும்."

கிளியம்மாள் அவர் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.