குழி காத்திருக்காது

கிட்ட வாருங்கள், தங்கங்களே. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். முந்தானையோ துண்டோ இருந்தால் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், மூக்கைப் பொத்த வேண்டிவரும். நான் சொல்லப்போகிற கதை நாறும். நாற்றம் எங்கிருந்து வருகிறதென்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

மண்டபம் ஊருக்கு மேற்கே கடலை ஒட்டி ஓர் அட்டைக் கொட்டில். கடல் அட்டையைக் குடலெடுத்து அவித்து, ஈர மணலில் குழி வெட்டிப் புதைப்பார்கள். ராத்திரி முழுக்கக் கிடந்தால் மேல்தோல் அழுகி நெகிழும். விடியும்போது தோண்டியே ஆகவேண்டும். வெயில் ஏறிவிட்டால் தோலோடு சதையும் கரைந்து கூழாகிவிடும். தோண்டியதைக் கூடையில் கொட்டி, கடல்தண்ணீர் ஊற்றி, பெண்கள் வெறுங்காலால் மிதிப்பார்கள். சுண்ணாம்பாகத் தோல் கரைந்து ஓடும். அதோடு கால்தோலும் ஓடும். மிஞ்சியதை மறுபடி அவித்து உலர்த்தினால் சிங்கப்பூருக்குக் கப்பலேறும். அங்கே சீமான்கள் விருந்தில் அது சூப்பாம்!

விடியலின் மங்கல் வெளிச்சத்தில் அப்படியொரு கூடைக்குள் நின்று மிதித்துக்கொண்டிருந்தாள் குல்சும்.

கொழும்புக்குத் தோணி விட்ட சீனி முகம்மதுவின் மனைவி அவள். ஒரு தோணியைக் காற்று கொண்டுபோனது, இன்னொன்றைக் கடன்காரர்கள் கொண்டுபோனார்கள். திவாலாகி மஞ்சக் கடுதாசி கொடுத்த நாளிலிருந்து அந்த மனிதர் வாசலுக்கு வந்ததில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். கழுத்தில் மிஞ்சிய சங்கிலியை விற்று மகள் சாலிஹாவை மதுரையில் கல்லூரியில் சேர்த்தாள் குல்சும். இப்போது அடுத்த வருஷத்துக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள்.

"ஓலைக் கொட்டான் பின்னி விக்கிறேன்" என்றுதான் மகளிடம் சொல்லியிருந்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தாலும் அட்டை வாடை கையை விட்டுப் போகாது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோனால் குமட்டும். அதனால் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடாமல் தூரமாய்ப் போய் உட்காருவாள். அவர்கள் அதைப் பெரிய வீட்டுப் பவுசு என்று நினைத்தார்கள். கொஞ்சம் அதுவும் இருந்தது.

அந்த வாரம் முதலாளி சலாஹுதீன் புதுச்சட்டம் போட்டான். தோல் கிழிந்த அட்டைக்குக் கூலி கிடையாது. ஆனால் கிழிந்ததும் கிழியாததும் ஒரே சாக்கில்தான் கப்பலுக்குப் போனது.

சலாஹுதீன் முன்பு சீனி முகம்மதுவின் தோணியில் ஆட்களை மேய்க்கும் தண்டலாக இருந்தவன். லாத்தா என்று அக்கா முறை வைத்து அவள் கையால் சோறு வாங்கித் தின்றவன். அந்த நினைப்பில், யாரிடமும் சொல்லாமல், கொட்டிலின் பின்வாசல் வழியாக அவன் அறைக்குப் போனாள் குல்சும். அறை முழுக்க அத்தர் மணந்தது.

"வாங்க லாத்தா. சாலிஹா படிப்புத்தானே? இந்த வருச ஜகாத்தை முன்கூட்டியே எடுத்துக் கட்டிருவோம். ஜும்மாவுல நாலு பேருக்குத் தெரிய அவ பேரையும் சொல்லிரலாம்."

அவள் தலைகுனிந்து நின்றாள்.

"ஒரே ஒரு ஒத்தாசை. இந்தப் பொம்பளைக கிழிசல் கூலிக்கு முரண்டு பண்ணுறாக. நீங்க பெரிய வீட்டு மனுசி. நீங்க சரின்னா அவளுகளும் சரிம்பாளுக."

குல்சுமுக்கு நாக்கு எழவில்லை. நிக்காஹ் பேசும்போது பெண் வாய் திறக்காமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள் அல்லவா? அவனும் அப்படியே எடுத்துக்கொண்டான். அவள் கூடைக்குத் திரும்புவதற்குள் முன்வாசல் வழியாக வந்து கைதட்டினான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! கிழிசலுக்குக் கூலி இல்லைன்னு லாத்தா சம்மதிச்சிட்டாக, அவுக மக படிப்புக்கு என் ஜகாத்துல கட்டுறேன். இனிமே ஒரு பேச்சும் கிடையாது. போங்க, அடுத்த குழியத் தோண்டுங்க."

கூடைகளில் கால்கள் நின்றன. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பக்கத்துக் கூடையில் நின்ற பஞ்சம்மாள் ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். பாதம் வெந்த கிழங்குபோல் உரிந்து, இடுக்கில் ரத்தம் கசிந்தது.

"எக்கா, நல்லாப் பாத்துக்க. உம் மக படிப்புக்கு எங் கால்தோலையா உரிச்சுக் குடுக்கிறாரு ஒங்க தண்டலு? அதுக்குப் பேருதான் தருமமா?"

 குல்சும் ஓரமாய்க் குனிந்து வாந்தியெடுத்தாள். இத்தனை மாதமாய்க் குழி நாற்றத்துக்கு வராத வாந்தி அது. அட்டைக்காக வரவில்லை. தன் சேலையில் ஒட்டியிருந்த அத்தர் வாடைக்காக வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான் சம்மதிக்கல."

"லாத்தா?"

"வாயடைச்சு நின்னேன், அது தப்பு. ஆனா சம்மதிக்கல. கூலிய வெட்டுறதும் நீ, அதையே ஜகாத்துன்னு நீட்டுறதும் நீ. எங்க காசுல எங்களுக்கே தருமமா? த்தூ!"

"அப்ப சாலிஹா படிப்பு?"

அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் கொக்கிபோல் மாட்டியது. 

"படிப்பா. அவ உம்மா அட்டை மிதிக்கிறான்னு தெரிஞ்சே படிப்பா. கூலிய ஒழுங்காக் குடு, நான் கட்டுறேன்."

சொல்லிவிட்டு மூடிக்கிடந்த குழியின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். பஞ்சம்மாள் நொண்டி நொண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாய்க் கூடையை விட்டு இறங்கினார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. குழி காத்திருக்காது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

வெயில் ஏறியது. மணலில் குமிழி விட்டது. கணக்கப்பிள்ளையை மண்வெட்டியோடு குழிக்குள் இறக்கினான் சலாஹுதீன். இரண்டு வெட்டுக்குள் அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு வேலிப்பக்கம் ஓடினார்.

"கணக்கப்பிள்ளை, என்ன அவசரம்? சூப்பு கொதிக்குது, குடிச்சிட்டுப் போங்க!" என்றாள் பஞ்சம்மாள். பெண்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"எல்லாரையும் வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்!" என்று கத்தினான் முதலாளி.

"நிப்பாட்டு. மொதல்ல நீ எறங்கித் தோண்டு" என்றாள் குல்சும்.

அவன் வேட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு குழியருகே வந்தான். எட்டிப் பார்த்தான். மூக்கைப் பிடித்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பஞ்சம்மாள் தூக்குவாளியைத் திறந்தாள். கஞ்சியும் சுட்ட கருவாடும். "கை நாறும்க்கா, எந்திரிச்சு அங்கிட்டுப் போறியா?" என்றாள், கண்ணில் குறும்போடு.

குல்சும் போகவில்லை. நாறும் கையாலேயே கருவாட்டைப் பிய்த்து வாயில் போட்டு, அவர்களோடு சேர்ந்து மென்றாள். கல்லூரிக்குப் பணம் எங்கிருந்து வருமென்று அவளுக்கு இன்னும் தெரியாது. கதவும் இன்னும் திறக்கவில்லை. ஆனால் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

போய்வாருங்கள், தங்கங்களே. உங்கள் வீட்டு உலையில் என்றும் சொந்த உழைப்பின் அரிசி கொதிக்கட்டும். உங்கள் பிள்ளைகள் எவன் காலடியிலும் நிற்காமல் படித்து வரட்டும். நீங்கள் உட்காருகிற குழியோரத்தில் உங்கள் பக்கத்தில் ஆள் இல்லாமல் போகாதிருக்கட்டும்.