ஆணி இருந்த இடம்

“இவ்வளவு தண்ணியைச் சுமந்துக்கிட்டு மேகம் ஏன் கீழ விழாம நிக்குது?”

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் ஒருமுறை அவளை எழுப்பி நிறுத்திக் கேட்ட கேள்வி இது. பதில் தெரியும். ஈரக்காற்று மேலே ஏறிக் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூசியில் ஒட்டித் துளியாகிறது. துளி அத்தனை பொடி என்பதால் மேலேறும் காற்றே அதைத் தாங்கிக்கொள்கிறது. எல்லாம் தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. “வாயைப் பூட்டிச் சாவியை வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டியா?” என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. அந்த வருடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு அத்தையின் லாண்டரியில் வந்து சேர்ந்தாள். அங்கே அவளுக்குப் பெயர் வாயில்லாப்பூச்சி.

சொல்லாமல் விழுங்கிய பதில்களையெல்லாம் நோட்டில் எழுதினாள். சோப்புத்தூள் மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று நோட்டுகள் ஒளிந்திருந்தன. மொட்டைமாடிச் சுவரில் ஓர் ஆணி. அதில் இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்றின் அடியில் மட்டும் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டும் வேறு வேறு சூட்டைக் காட்டினால் காற்று இன்னும் ஈரத்தைக் குடிக்கும். மூடுபனி கலைந்து வெயில் வரும். இரண்டும் ஒன்றையே காட்டினால் காற்று வயிறு முட்டக் குடித்துவிட்டது. பனி கலையாமல் தாழ்ந்த மேகமாகி நாள் முழுக்கத் தலைக்கு மேல் குந்தியிருக்கும். இந்தக் குளிர்காலத்தில் எழுபது காலைகள் ஆறரை மணிக்கு ஏறிப் பார்த்து எழுதிவிட்டாள். உள்ளூர் ரேடியோவைவிட அவள் நோட்டுத்தான் அதிகம் பலித்தது. அது அவளுக்கும் அந்த மூட்டைகளுக்கும் மட்டுமே தெரியும்.

அன்று துணி காயவைக்கும் மிஷின் படுத்துவிட்டது. ஹோட்டல் பெட்ஷீட் அத்தனையும் நனைந்து குவிந்திருந்தது. நாலு மணிக்கு வேன் வரும். போன வாரம் இரண்டு தடவை ஈரத்தோடு அனுப்பியாயிற்று. மூன்றாவது தடவை அனுப்பினால் வேறு லாண்டரி பார்த்துக்கொள்வோம் என்று ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள். அந்த ஹோட்டல் போனால் கடையில் பாதி போன மாதிரி. அத்தை ஐந்து மணிக்கே பாய்லரைப் பற்றவைத்துவிட்டாள்.

ஆறரைக்கு அவள் மாடிக்குப் போனாள். இரண்டு தெர்மாமீட்டரும் இருபத்தொன்று. துணியை நனைத்து மறுபடி பார்த்தாள். இருபத்தொன்று, இருபத்தொன்று.

கீழே ரேடியோ சொன்னது: “தற்போதைய வெப்பநிலை பதினான்கு டிகிரி. காலை பத்து மணிக்குள் மூடுபனி விலகி, வானம் தெளிவாகக் காணப்படும்.”

“கேட்டீங்களா? எல்லாத்தையும் மாடிக்கு ஏத்துங்க!” என்றாள் அத்தை.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடையைத் தூக்கினாள், வைத்தாள். படியில் பாதி ஏறினாள், இறங்கினாள்.

“என்னடி, சூடு பட்ட பூனை மாதிரி சுத்தற?”

“வெயில் வராது அத்தை.” குரல் யாருடையதோ போல இருந்தது. “மேல போட்டா இன்னும் ஈரமாயிடும். பாய்லர் ரூம்லயே கயிறு கட்டிக் காயவைக்கலாம்.”

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “பூச்சி பேசுதே!”

“ரேடியோக்காரன் படிச்சவன். நீ எதை வெச்சுச் சொல்ற?” என்றாள் அத்தை.

அவள் ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்து நீட்டினாள். அத்தை எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினாள். புரிந்ததோ என்னவோ. “ரெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் முழுசா மூணு வார்த்தை பேசியிருக்கா. காரணமில்லாம பேசமாட்டா. கயித்தைக் கட்டுங்க.”

பாய்லர் அறையில் ஒரு நேரத்துக்கு இருபது விரிப்புகள்தான் கொள்ளும். புழுக்கத்தில் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. விரிப்புகள் காய்ந்தபாடில்லை. அவள் நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலை எட்டிப் பார்த்தாள். ஒன்பதரைக்கு எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி தெரிந்தது. பத்துக்கு அதன் நிழல் விழுந்தது. பத்தேகாலுக்கு வெயில் கண்ணைக் குத்தியது.

“அடப்பாவி மகளே!” என்றார் இஸ்திரிக்காரர், சிரிக்காமல்.

அத்தை கூடையைத் தூக்கினாள். எல்லோரும் மாடிக்கு ஓடினார்கள்.

காலையில் மூடுபனியோடு கலந்து கண்ணில் படாததை மாடியில் இப்போதுதான் அவள் பார்த்தாள். ஆணிக்கு ஒரு முழம் கீழே, சுவரைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தது பாய்லர் குழாய். அதன் வாயருகே ஒன்றுமே தெரியவில்லை. ஒரு சாண் தள்ளித்தான் வெள்ளை பிறந்து, சுருண்டு, தெர்மாமீட்டர்களை நனைத்துக்கொண்டு மேலே போனது. கைநீளத்தில் ஒரு மேகம். மற்ற நாட்களில் ஏழு மணிக்குத்தான் பாய்லர் எரியும். அவள் ஆறரைக்கே பார்த்துவிடுவாள். இன்று அவள் அளந்தது பாய்லர் ஆவியை. ஊரெல்லாம் பதினாலாக இருக்க, தன் ஆணியில் மட்டும் இருபத்தொன்று எப்படி வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

நாலு மணிக்கு வேன் வந்தது. டிரைவர் ஒவ்வொரு துணிக்கட்டின் மீதும் புறங்கையை வைத்துப் பார்த்தார். கடைசி இரண்டு கட்டுகளில் கை நின்றது.

“இது ஈரம்க்கா.”

“ஓரம் மட்டும்தான்ப்பா.”

“காஞ்சதை எடுத்துக்கறேன். இந்த ரெண்டும் நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வரணும். வரலைன்னா என்னைக் கேக்காதீங்க, நான் வண்டி ஓட்டறவன்.”

வேன் போனதும் அவள் அத்தை முன்னால் போய் நின்றாள். இந்த முறை தொண்டை அடைக்கவில்லை.

“பாய்லர் ஆவி பட்டிருக்கு அத்தை. நான் பாக்காம விட்டுட்டேன். ஆணி இருக்கிற இடம் தப்பு.”

 அத்தை சுத்தியலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். அவளும் பின்னாலேயே ஓடினாள். ஆணியைப் பிடுங்கும் கீச்சொலி. மாடியின் மறுகோடிக்கு நடந்து, அங்கிருந்த தங்கள் தண்ணீர்த்தொட்டியின் நிழலில், காற்று நாலாபுறமிருந்தும் வரும் இடத்தில் அத்தை அதை நாலே அடியில் இறக்கினாள். ஆட்டிப் பார்த்தாள். தெர்மாமீட்டர்களை மாட்டினாள். காலையிலிருந்து இடுப்பில் செருகியிருந்த நோட்டை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.