வேம்புலியம்மாளின் கைநாட்டு

முனியம்மாவைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுச் செத்துப்போனவள் அம்மா வேம்புலியம்மாள். ஒரு போட்டோகூடக் கிடையாது. மனைக்கட்டு வழக்கில் அவள் சாட்சி சொன்னாள் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும். வழக்கு எண் தெரியாமல் அண்ணனூரிலிருந்து பூந்தமல்லி கோர்ட்டுக்கு நடையாய் நடந்து, ஒருவழியாக அந்தச் சாட்சியத்தின் நகலை வாங்கிவிட்டாள் முனியம்மா.

தட்டச்சுத் தாளின் அடியில், 'வேம்புலியம்மாள், இடது பெருவிரல் ரேகை' என்று வெறும் எழுத்துதான் இருந்தது.

"இன்னா சார் இது? எங்கம்மா வெச்ச கைநாட்டு எங்க?"

"நகல்ல அப்படித்தாம்மா டைப் அடிப்பாங்க," என்றார் ரெக்கார்டு கிளார்க் உலகநாதன். "கைநாட்டு அசல்லதான் கீது. அதைப் பாக்கணும்னா தனியா மனு போடணும்."

"அதையும் போடறேன். எங்கம்மாவப் பாக்காம நான் போவ மாட்டேன்."

அடுத்த வாரம் உலகநாதன் வழக்குக் கட்டைப் பிரித்து, அசல் தாளை அவள் முன்னால் வைத்தார்.

"கை மட்டும் வெக்காதம்மா. ரூல்சு."

முனியம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். ஒரு கறுப்புத் திட்டு. அதில் ஒரு கோடுகூட இல்லை.

"மை அப்பிக்கிச்சா சார்?"

உலகநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மத்த சாட்சிங்க ரேகையெல்லாம் நல்லாத்தான் விழுந்துகீது."

அவர் விரல் தாளின் முதல் வரிக்குப் போனது. பெயர், வயது, ஊர். தொழில்: செங்கல் சூளையில் கல் அறுப்பது.

"மண்ணு பெசஞ்சி, கல்லு அறுத்து ரேகையே தேஞ்சிபூட்ச்சா சார்?"

 உலகநாதன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"தொட்டுக்கோம்மா," என்றார். "நான் பாக்கல."