செனட்டரின் தகப்பன்

இடப்பக்க மீசை போய்விட்டது. வலப்பக்கம் மட்டும் உதட்டின்மேல் நின்றது. ஜனார்த்தன் பிளாஸ்டிக் சவரக்கத்தியைக் குழாயடியில் பிடித்தபடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். மரணச்சடங்கு மண்டபத்தின் கழிப்பறைக் கதவை வெளியிலிருந்து ஐயர் தட்டினார்.

"தம்பி, கெதியா வாங்கோ. கிரியை தொடங்கோணும். மண்டபக்காரர் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"வாறன் ஐயா."

பாதி எடுத்தாயிற்று, மற்றப் பாதியையும் எடுக்கத்தான் வேண்டும். அரை மீசையோடு போய் நின்றால் சனம் சிரிக்கும். ஆனால் தகப்பன் உயிரோடு இருக்கையில் மகன் மீசை வழித்தால் அது தகப்பனுக்கு ஆகாது என்பார்கள். இந்தக் கதையெல்லாம் தான் நம்புவதில்லை என்றுதான் அவன் நேற்றுவரை சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனுடைய தகப்பன் பொன்னம்பலம், எண்பது வயது தாண்டியும், பக்கத்து ஊரான அஜக்ஸில் மகள் வீட்டில் கல்லுப்போல இருந்தார்.

பெட்டிக்குள் கிடந்தவர் சச்சிதானந்தன், அவனுடைய தாய்மாமன். கனடா அரசாங்கத்தைக் கேட்டால் அவர்தான் தகப்பன்.

சண்டைக்குள்ளிருந்து பிள்ளையை எப்படியாவது வெளியே எடுத்துவிட வேண்டுமென்று பெரியவர்கள் கூடிச் செய்த வேலை அது. மாமா முதலே வந்து அகதியாகப் பதிந்திருந்தார். பிள்ளைகள் இல்லாத அவர், ஊரில் தனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று சொன்னார். பதினாலு வயது ஜனார்த்தன் அந்த மகனாகி விமானம் ஏறினான். பிறகு அப்பாவும் தங்கையும் வந்து சேர்ந்தார்கள், எல்லோரும் உழைத்தார்கள், வீடு வாங்கினார்கள், அந்தப் பொய்யை மறந்தும் போனார்கள். ஜனார்த்தன் செனட்டர் ஆகாமல் இருந்திருந்தால் அது மறந்தபடியே கிடந்திருக்கும்.

செனட் என்கிற மேலவையில் ஒன்ராறியோ மாகாணத்துக்கு இருபத்துநாலு கதிரைகள். அவற்றில் ஒன்று அவனுக்குக் கிடைத்தபோது ஸ்காபரோச் சனம் வாய் பிளந்தது. வாக்குக் கேட்டு வாசல் வாசலாக ஏறியிறங்கத் தேவையில்லை. பிரதமர் ஒருவரின் பெயரைச் சொன்னால் போதும், எழுபத்தைந்து வயதுவரை ஆரும் அசைக்க ஏலாது என்றார்கள். அசைக்க ஏலும் என்பது அவனுக்குத்தான் தெரியும். பொய் சொல்லி வந்தவன் என்று வெளியே தெரிந்தால் குடியுரிமைக்கே ஆபத்து. குடியுரிமை போனால் கதிரையும் போகும். கோடை மழைபோல ஒரு நாளில் எல்லாம் ஓய்ந்துவிடாது. மாமியின் பெயரையும், செத்த மாமாவின் பெயரையும் பேப்பர்க்காரர் கிழித்துத் தொங்கவிடுவார்கள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவனோ தன் கன்னிப் பேச்சிலேயே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். புதிய செனட்டர் தன் விருந்தினரைச் சபைக்குக் காட்டுவது ஒட்டாவாவில் வழக்கம். "உணவகத்தில் கோப்பை கழுவி என்னைப் படிப்பித்த என் அப்பா, அதோ பார்வையாளர் மாடத்தில் இருக்கிறார்" என்று கையை நீட்டினான். எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். கோப்பை கழுவியது மாமா, படிப்பித்ததும் மாமா. ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. அஜக்ஸில் அப்பா அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார் என்று தங்கை பிறகு சொன்னாள். பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மாமி யோகராணி தலையை நீட்டினாள். ஆண்கள் கழிப்பறை என்றெல்லாம் பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

"தம்பி, அண்ணை வாறாராம். உன்ர கொப்பர்."

"வரவேண்டாமெண்டு சொல்லேல்லையே மாமி?"

"சொன்னனான். என்ர மச்சான்ர செத்தவீட்டுக்கு நான் வராமல் வேற ஆர் வாறதெண்டு கேட்டிட்டு ஃபோனை வைச்சிட்டார்." அவளுடைய கண் அவன் முகத்தில் நின்றது. "ஐயோ, உதென்ன பாதியில விட்டிட்டு நிக்கிறாய்? வழி ராசா. அவருக்கு ஒண்டும் வராது. நான் பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு மற்றப் பாதியையும் எடுத்தான்.

மண்டபத்தின் முன்வரிசையில் ஒன்ராறியோ செனட்டர்கள் மூன்று பேர் கறுப்பு உடையில் இருந்தார்கள். நடுவில் இருந்த வெள்ளைக்கார அம்மாதான் பதவியேற்ற அன்று அவனைச் சபைக்குள் கூட்டிக்கொண்டு போனவர். அவருக்குப் பக்கத்தில் குனிந்து, நடப்பதையெல்லாம் மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள் அபர்ணா. சென்னைப் பெண், அவனுடைய அலுவலகத்தில் வேலை செய்கிறவள், கெட்டிக்காரி. ஒரு சொல்லையும் தவறவிடமாட்டாள். அதற்காகத்தான் அவளை அவன் வேலைக்கு எடுத்தான். இன்றைக்கு அந்தக் கெட்டித்தனத்துக்கே அவன் பயந்தான்.

பின்வரிசைகளில் இருந்த ஊர்ச்சனத்தில் பாதிப்பேருக்கு அவன் ஆருடைய பிள்ளை என்று தெரியும். வேண்டுமென்று காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் செத்தவீட்டில் மைக்கைப் பிடித்த மனிதனுக்குத் தன் வாய் தன் வசத்தில் இருக்காது.

மைக்கைப் பிடித்தவன் ஊர்க்காரன் கிருபன்.

"சச்சி அண்ணையை எனக்குச் சின்னனிலயே தெரியும்," என்று அவன் அழுதழுது தொடங்கினான். "கலியாணம் முடிச்சுக் கனகாலம். கும்பிடாத கோயில் இல்லை. கடைசி வரைக்கும் ஒரு பிள்ளை..."

பின்வரிசைகளில் தலைகள் நிமிர்ந்தன. கிருபனுக்கும் அப்போதுதான் தான் எங்கே காலை வைத்தோம் என்று விளங்கியது. அபர்ணாவின் உதடுகள் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தன. ஜனார்த்தன் விரலில் ஐயர் மாட்டிவிட்டிருந்த தர்ப்பையைத் திருகினான்.

"...ஒரு பிள்ளை கிடைக்காதோ எண்டு கிடந்து உருகின மனிசனுக்குக் கடவுள் கண் திறந்தார். அந்தப் பிள்ளைதான் இண்டைக்கு எங்கட செனட்டர்."

ஊர்ச்சனம் தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. அபர்ணா மொழிபெயர்த்தாள். வெள்ளைக்கார அம்மா நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார்.

அப்போது பின்கதவு திறந்து பொன்னம்பலம் வந்தார். சக்கரம் பூட்டிய நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, நடுவழியால், ஒரு பக்கமும் பாராமல் வந்தார். பெட்டியடியில் நின்று மச்சானின் கன்னத்தை உள்ளங்கையால் தடவினார். கனநேரம் தடவினார். பிறகு துக்கம் விசாரிக்கிற வரிசையில், முன்பின் தெரியாத ஆட்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வரிசை நகர நகர ஜனார்த்தன் இடையில் நின்ற தலைகளை எண்ணினான். தன்னை 'தம்பி' என்பாரா, வீட்டில் செல்லமாகக் கூப்பிடுகிறதுபோல 'அப்பன்' என்பாரா? கட்டிப்பிடித்து அழுதுவிட்டால் என்ன செய்வது? சொந்தத் தகப்பன் தன்னைத் தொட்டுவிடுவாரோ என்று பயந்து நிற்கிற தன்னை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. வெள்ளைக்கார அம்மாவும் அபர்ணாவும் எழும்பிவந்து அவன் பக்கத்தில்தான் நின்றார்கள்.

பொன்னம்பலம் முன்னுக்கு வந்தார். மகனின் வெறும் மேலுதட்டை ஒருதரம் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"உங்கட அப்பா நல்ல மனிசன்," என்றார். "அவரைப்போல ஒருத்தர் இனி இல்லை. நீங்கள் மனம் தளராதையுங்கோ."

ஜனார்த்தன் கும்பிட்டான்.

வெள்ளைக்கார அம்மா இரக்கத்தோடு கிழவரின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்.

"அங்கிள், இறந்தவரை உங்களுக்கு எப்படித் தெரியும்னு மேடம் கேக்கறாங்க," என்றாள் அபர்ணா.

"அவரோ? என்ர பிள்ளையைக் காப்பாத்தின மனிசன், பிள்ளை."

சொல்லிவிட்டார். வாய் தவறிவிட்டது என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. அபர்ணா அதை அழகான ஆங்கிலத்தில் சொல்ல, அம்மாவின் கண் விரிந்தது.

"அப்படியா! உங்க பையன் இப்ப எங்க இருக்கார், வந்திருக்காரான்னு கேக்கறாங்க."

பொன்னம்பலம் நடைவண்டியின் பிடியை இறுக்கிக்கொண்டார். ஜனார்த்தனைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார்.

"இல்லை, பிள்ளை. அவன் இல்லை."

"ஓ... சாரி அங்கிள். எப்போ?"

"பதினாலு வயசில. சண்டைக்குள்ள போயிட்டான்."

அபர்ணா சொல்லி முடிக்குமுன் அம்மா கிழவரின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். பிறகு, நீயும் ஏதாவது சொல்லேன் என்பதுபோல ஜனார்த்தனைப் பார்த்தார். அபர்ணாவும் பார்த்தாள். பின்வரிசையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கவலையாக் கிடக்கு, அங்கிள்," என்றான் அவன்.

"ஓம், ஓம். அது கனகாலம். நீங்கள் போங்கோ, ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"மகன் முன்னுக்கு வாங்கோ," என்று ஐயர் கூப்பிட்டார். ஜனார்த்தன் பெட்டியடிக்கு நடந்தான். வெள்ளைக்கார அம்மா பொன்னம்பலத்தைத் தாங்கிக் கொண்டுபோய் முன்வரிசையில் தன்னுடைய கதிரையில் இருத்தி, கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை அவருடைய மடியில் வைத்தார். அவர் ஒன்றை இழுத்து எடுத்தார். கண்ணைத் துடைக்கவில்லை. முழங்காலில் வைத்து விரலால் நீவி, நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.